ஏழு பத்து போயாச்சா?

எண்ணெய்ப் பலகாரத்தைக் கையால் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்துதான் எனக்குப் பழம்பொரி மேல் இத்தனை ஆசை. வீட்டில் 'கொஞ்சம் நடந்துட்டு வாறேன்' என்று சொல்லிவிட்டு இறங்குவேன். கால் நேராக எங்கள் முக்கிலுள்ள பேக்கரிக்குப் போய்விடும். போன வாரமும் அப்படித்தான். எண்ணெய் ஊறிய காகிதத்தோடு பஸ் ஸ்டாப்பின் ஓரத்தில் ஒதுங்கி, தெரிந்த முகம் ஏதாவது தென்படுகிறதா என்று பார்த்துவிட்டு ஒரு கடி கடித்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சேட்டா, ஏழு பத்து போயோ?"

பழம்பொரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஏழு பத்து! அந்தப் பெயரை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் சாயங்காலம் ஏழு பத்துக்குப் புறப்பட்டு, எங்கள் முக்கு, காரக்கோணம், குன்னத்துகால் வழியாக வெள்ளறடைக்குப் போன பஸ் அது. எந்த ஸ்டாப்புக்கு எப்போது வந்தாலும் அதன் பெயர் ஏழு பத்துதான். அந்த பஸ் ஓடாமலாகி வருடங்கள் ஆகின்றன. கேட்டவள் ஓர் இளம்பெண். பக்கத்தில் கையில் மாவுக்கட்டுடன் அவளுடைய அம்மா, மதில் மேல் சாய்ந்து நின்றாள். நின்ற நிலையைப் பார்த்தால் வந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

"அந்த பஸ்ஸு இப்ப இல்ல பிள்ளே" என்றேன்.

"உண்டே! நெட்டில போட்டிருக்கே" என்று தமிழுக்கு மாறி, போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

கிளிப்பச்சைப் பின்னணி. அதில் மஞ்சள் எழுத்து. இந்த இரண்டு நிறத்தையும் சேர்த்து வைக்க உலகத்தில் வேறு ஒரு மடையனுக்கும் தோன்றியிருக்காது. அது என் வலைப்பூ. நான் எழுதியது.

"எந்த வேலையில்லாதவன் எழுதி வச்சானோ, எனக்க கையில மட்டும் அவன் கிட்டட்டும்" என்றாள் அம்மா, கட்டுப்போடாத கையை ஆட்டி.

"ஆமா, வெளங்காத பய" என்று நானும் கூட நின்று ஏசினேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஓர் ஆட்டோவை நிறுத்தி இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தில், மேலே ஒரே ஒரு வரி சேர்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்: 'இந்த பஸ் இப்போது இல்லை, யாரும் காத்து நிற்காதீர்கள்.' ஒரு வரிதானே? அந்த ஒரு வரிக்கு நான் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தச் சனியன் எப்படி வந்து என் தலையில் ஏறியது என்று சொல்லியாக வேண்டும்.

அப்போது நான் நெய்யாற்றின்கரையில் ஓர் அச்சகத்தில் கல்யாணக் கடிதம் டைப் செய்துகொண்டிருந்தேன். லாமினேஷன் மெஷின் சூடானதும் வரும் பிளாஸ்டிக் வாசனை இருக்கிறதே, இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் ஏறினால் எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது போலப் பசிக்கும். எங்கள் பக்கத்துக் கல்யாணக் கடிதம் ஒரு தனி இனம். பெண்வீட்டார் மலையாளத்தில் கேட்பார்கள், பையன்வீட்டார் தமிழில் கேட்பார்கள், இரண்டு பக்கமும் ஒரே மாமாவின் பெயரை ஏன் சின்னதாகப் போட்டாய் என்று சண்டைக்கு வருவார்கள். நாள் முழுக்க மாமாக்களின் பெயரைப் பெரிதாக்கியும் சின்னதாக்கியும் கழித்த மனிதனுக்கு, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சொந்தமாக நாலு வரி எழுதவேண்டும் என்று ஆசை வருவது தப்பா? முதலாளி சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுவார். அந்த நேரத்தில்தான் என் இலக்கியம்.

வலைப்பூ என்று ஒன்று வந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம், பத்திரிகைக்காரன் காலில் விழவேண்டாம் என்று கேள்விப்பட்டு நானும் ஒன்றைத் திறந்தேன். பார்த்தவர்களின் எண்ணிக்கையைக் காட்ட அடியில் ஒரு பெட்டி உண்டு. ஏறுகிறதே, ஏறுகிறதே என்று புல்லரித்துக்கொண்டிருந்தேன். நான் திறந்து பார்க்கும்போதெல்லாம்தான் அது ஏறுகிறது என்று புரிய ஒரு மழைக்காலம் பிடித்தது. எனக்குக் கூட்டம் வேண்டாம், பரிசு வேண்டாம். ஒரே ஓர் ஆள், நான் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்து, நன்றாயிருக்கிறது என்றோ குப்பை என்றோ சொன்னால் போதும். அவ்வளவுதான் கேட்டேன்.

கிடைத்தது ஏழு பத்து.

ஒரு நாள் சாயங்காலம் அந்த பஸ் வரவில்லை. பாறசாலையில் மழையில் நின்று நின்று, கடைசியில் வீடுவரை நடந்தேன். மறுநாள் மத்தியானம் தும்மிக்கொண்டே 'ஏழு பத்து எங்கே போனது?' என்று ஒரு கட்டுரை எழுதினேன். கட்டுரை என்ன கட்டுரை, வயிற்றெரிச்சல். ஏசுவதற்கு ஆதாரம் வேண்டுமே என்று, அந்த வழியில் ஓடும் எல்லா பஸ்களின் நேரத்தையும் கீழே வரிசையாகப் போட்டேன். வந்தது வினை. பாறசாலை பஸ் நேரம் என்று எவன் நெட்டில் தேடினாலும் என் கிளிப்பச்சைதான் முதலில் வந்து நின்றது.

"சார், காலையில் வெள்ளறடைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" இது நான் பார்த்த முதல் பின்னூட்டம். நான் மரியாதையாகவே பதில் எழுதினேன், இது பஸ் அலுவலகம் அல்ல, ஓர் எழுத்தாளனின் வலைப்பூ என்று. அதற்குக் கீழே அடுத்த ஆள், "ஓகே சார். ஞாயிற்றுக்கிழமை அந்த எழுத்தாளர் இருக்காரா, இல்ல பஸ் மட்டும் உண்டா?" என்று கேட்டான். கிண்டலா, நிஜமாகவே கேட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றி மாதக்கணக்கில் அடித்துத் திருத்தி ஒரு கதை எழுதினேன். அச்சகத்து எழுத்துருவில் அடித்தது நெட்டில் கட்டங்கட்டமாக வந்து, முழுக்கத் திரும்ப அடித்தேன். போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மூன்றாம் நாள் ஒரு பின்னூட்டம் வந்தது. உடனே திறந்தேன். "அருமை. தனுவச்சபுரம் ஐடிஐ முன்னால் பஸ் நிற்குமா?" தலையில் அடித்துக்கொண்டேன், வேறென்ன.

சரி, நான் பதில் சொல்லாவிட்டால் போய்விடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவர்களே ஒருவருக்கொருவர் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதில் முக்கியமான ஆள் ஸ்டெல்லா. காரக்கோணத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து ஏழு பத்தில் ஏறி வீட்டுக்குப் போனதும் என் வலைப்பூவில் வந்து ஒரு வரி எழுதிவிட்டுத்தான் கால் கழுவுவாள் போல. 'ஏழு பத்து வந்தது, ஸீட் கிடைத்தது.' 'ஏழு பத்து வந்தது, நின்றே வந்தேன்.' வராத அன்றைக்கு: 'ஏழு பத்து இன்று வரவில்லை.' பிறகு கோபத்தில் ஒரு சிவப்பு முகம். என் கதை எதைப் பற்றியும் அவள் ஒரு சொல் சொன்னதில்லை.

இன்னொருவன் குன்னத்துகால்காரன். சொந்தப் பெயர் வேறு, அவன் வைத்துக்கொண்ட பெயர் அது. அவன் ஓமானில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். தினமும் ஸ்டெல்லாவுக்கு முன்னாலேயே வந்து, "ஏழு பத்து போயாச்சா?" என்று கேட்டு உட்கார்ந்திருப்பான். எனக்குப் பொறுக்கவில்லை. ஓமானிலிருந்து நீ எந்த ஸ்டாப்பில் ஏறப்போகிறாய் என்று எழுதிவிட்டேன். அவன் பதில் எழுதினான்:

"அண்ணாச்சி, எனக்க வீட்டுக்காரி பாறசாலை ஜவுளிக்கடையில ஜோலிக்கு நிக்கா. அந்த பஸ்ஸிலயாக்கும் வருவா. ஜோலி நேரத்தில எங்களுக்கு போன் பாடில்ல, கம்ப்யூட்டர் தொறக்கலாம். பஸ்ஸு வந்துட்டுண்ணு அந்த சிஸ்டரு எழுதினா, அவ வீட்டுக்கு வந்திருப்பாண்ணு நான் சமாதானமா சாப்பிடப் போவேன்."

அன்றையிலிருந்து ஸ்டெல்லா வரி எழுதப் பிந்தினால் எனக்கும் சோறு இறங்காது. அவளுக்கு முன்னால் நான் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுகிறவன் ஆனதால், 'எங்கள் முக்கைத் தாண்டிவிட்டது' என்று, வீட்டில் வாங்கி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்து நானும் ஒரு வரி போட ஆரம்பித்தேன். இலக்கியம் படைக்க வந்தவன் பஸ்ஸுக்குக் காவல் இருந்தேன்.

பிறகு அப்பாவுக்குக் குடலிறக்கம் வந்து காரக்கோணத்தில் சேர்த்தோம். நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஒரு நாள் அச்சகத்தில் லீவு வாங்குவதே பெரும்பாடு. ஆபரேஷன் முடிந்த மறுநாள் மத்தியானம் பின்னூட்டப் பெட்டியில், முதல்முறையாக, நானே ஒரு கேள்வி கேட்டேன்: 'ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பாறசாலைக்குக் காலையில் சீக்கிரம் பஸ் உண்டா? அப்பாவைச் சேர்த்திருக்கிறேன்.' அவ்வளவுதான் எழுதினேன்.

சாயங்காலம் நான் வார்டுக்குப் போனபோது வெள்ளைச் சீருடையில் ஒரு குள்ளமான பெண் அப்பாவின் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும், "பஸ் அண்ணனாக்கும், இல்லியா?" என்றாள். அதுதான் ஸ்டெல்லா. அவள் அந்த வார்டே இல்லை, வேறு மாடி. எங்கள் முக்கிலிருந்து யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று கீழே பதிவேட்டில் விசாரித்து வந்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் தூக்குப்பாத்திரத்தோடு வந்தாள். கஞ்சியும் பயறும். "ஓமானில இருந்து ஆர்டர் வந்துட்டு. கொண்டு குடுக்கலேண்ணா இண்ணைக்கு அவரு உறங்கமாட்டாரு" என்று சிரித்தாள். குன்னத்துகால்காரனின் மனைவி. நான் ஒரு தடவைகூடப் பார்க்காதவள். ஆனால் எத்தனையோ இரவு அவள் வீடு சேர்ந்தாளா என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

அப்பா எல்லாரையும் மாறிமாறிப் பார்த்தார். "எலே, இவிய எல்லாம் ஆரு?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "நான் எழுதுகத வாசிக்கிறவிய அப்பா."

"நீ என்ன எழுதுக?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா சொன்னாள், "பஸ் டைமு அப்பச்சா."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, சிரிக்க வைக்காத பிள்ளே, நோவுது" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நீ ராவும் பகலும் வெட்டிஜோலி பாக்கேண்ணுல்லா நெனச்சேன். கொள்ளாம் மக்கா, நாலு பேருக்கு உபகாரம் உண்டு."

அப்பா என்னைப் பாராட்டியது அன்று ஒரு நாள்தான். அதுவும் பஸ்ஸுக்கு. வீட்டுக்கு வந்தபிறகு பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் "எனக்க மவன் கம்ப்யூட்டரில பஸ் ஓட்டுகான்" என்று சொல்லிவைத்தார். நான் கதை எழுதுகிறேன் அப்பா, கதை, என்று கத்துவேன். "செரி, அதும் எழுது" என்பார். அவர் போய்ச் சேரும்வரை இந்தச் சண்டை தீரவில்லை.

வார்டிலிருந்து இறங்கும்போது படிக்கட்டில் வைத்து ஸ்டெல்லாவிடம் கேட்டுவிட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன், அந்த மண்ணெண்ணெய்க் கதை எப்படி இருந்தது என்று.

"கதையா? மேல ஏதோ நீளமா கெடக்குமே, அதா அண்ணா?" அவள் முகத்தில் நிஜமான ஆச்சரியம். "அத வாசிச்சதே இல்ல. நான் வெரல வச்சு நேர கீழ தள்ளீருவேன். கீழயல்லா எல்லாரும் இருப்பாவ."

எரிச்சல் வந்தது. ஒரு வாரம் எதுவும் எழுதாமல் இருந்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை, கீழே அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தக் கஞ்சியின் ருசியை எந்த வாசகரின் பாராட்டுக்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். இதை அன்றைக்கே அவர்களிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு எழுதத்தானே தெரியும், சொல்லத் தெரியாது.

அப்புறம் தலைமுடி வளரும் தைலம் விற்கிறவன் எல்லாப் பதிவுகளிலும் வந்து விளம்பரம் ஒட்ட ஆரம்பித்தான். அவனை விரட்ட, பின்னூட்டம் எதுவானாலும் நான் பார்த்து அனுமதித்தபிறகே வெளிவரும் என்று பூட்டுப் போட்டேன். ஸ்டெல்லா அயர்லாந்துக்குப் போனாள். குன்னத்துகால்காரன் ஊருக்கே திரும்பிவிட்டான், மனைவியை பைக்கில் கூட்டிவர ஆரம்பித்தான். எல்லார் கையிலும் பைக் வந்தது, ஸ்கூட்டர் வந்தது. ஏழு பத்தில் ஆளில்லை. ஒரு நாள் அது வரவில்லை, மறுநாளும் வரவில்லை, பிறகு வரவே இல்லை. அதைப் பற்றி ஏசி ஒரு கட்டுரை எழுதக்கூட எனக்குத் தோன்றவில்லை. நானும் அப்போது ஸ்கூட்டர் வாங்கியிருந்தேன்.

இனி அந்த ஒரு வரியின் கதைக்கு வருகிறேன். உட்கார்ந்தேனா? கடவுச்சொல் மறந்துவிட்டது. அச்சகத்தின் பெயர், அப்பாவின் பெயர், பஸ்ஸின் பெயர், எல்லாம் போட்டுப் பார்த்தேன். இல்லை. சரி, உங்கள் போனுக்கு ஓர் எண் அனுப்புகிறோம் என்றது. எந்தப் போன்? இதுதான் எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டும் வரும் வினை. அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் சிம் இரண்டு. எல்லை தாண்டினால் ரோமிங் காசு போகும் என்று கேரளத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று. என் வீட்டு முற்றத்தில் கேரளத்து டவர் கிடைக்கும், தெற்கு ஜன்னலில் தமிழ்நாட்டு டவர்தான். கம்ப்யூட்டர் இருந்தது தெற்கு ஜன்னலில். அதனால் நான் கொடுத்தது தமிழ்நாட்டு எண். ரோமிங் காசு ஒழிந்த அன்றே, இனி எதற்கு என்று அந்தச் சிம்மைத் தூக்கி எறிந்தாயிற்று.

அந்த எண்ணுக்கே கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்தது! திருநெல்வேலிப் பக்கத்துக் குரல் ஒன்று எடுத்தது. வணக்கம் சொல்லி, விவரமாக, பொறுமையாக எல்லாம் விளக்கி, கடைசியில் "இப்ப உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், அத மட்டும் கொஞ்சம் சொல்லணும்" என்றேன்.

"ஏல, ஓடிபியா கேக்க? பஸ்ஸு கதையெல்லாம் சொல்லி ஓடிபியா கேக்க? இப்பமே போலீஸ்ட்ட புடிச்சுக் குடுத்துருவேன் பாத்துக்க!"

வைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கடைசி வழியாக, ஊர் பேர் தெரியாத வாசகனைப் போல, என் சொந்தக் கட்டுரைக்கு அடியில் நானே ஒரு பின்னூட்டம் போட்டேன். 'ஏழு பத்து இப்போது இல்லை. யாரும் காத்து நிற்க வேண்டாம்.' அழுத்தினேன். உங்கள் கருத்து, உரிமையாளரின் அனுமதிக்குப் பிறகு வெளியாகும் என்று வந்தது. உரிமையாளர் யார்? நான். அனுமதி கொடுக்க உள்ளே போக முடியாதவன் யார்? அதுவும் நான். தைலக்காரனுக்குப் போட்ட பூட்டு.

பின்னூட்டத்தில் பழகிய எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இன்னும் உண்டு, பெயர் 'ஏழு பத்து'. காலையில் ரோஜாப்பூ, ராத்திரி நிலா, நடுவில் பிறந்தநாள் கேக். அதில் நடந்ததையெல்லாம் எழுதினேன். மாவுக்கட்டு அம்மா மதில் மேல் சாய்ந்து நின்றதைச் சேர்த்துத்தான் எழுதினேன். ஸ்டெல்லா கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றைப் போட்டாள். குன்னத்துகால்காரன் கட்டைவிரலைப் போட்டான். அதன்மேல் யாரோ ஒரு ரோஜாப்பூவைப் போட்டார்கள், என் செய்தி மேலே போய்விட்டது.

ஆகவே இப்போது நான் சாயங்காலம் ஏழு மணிக்கு முக்குக்குப் போகிறேன். பழம்பொரிக்குத்தான் போகிறேன் என்று வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடிக்கட்டும், பாதி உண்மைதானே. ஸ்டாப்பில் யாராவது நின்றால் பக்கத்தில் போய் "ஏழு பத்துக்கா?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஆட்டோவுக்கோ, பைக்கில் வரும் மகனுக்கோ நிற்கிறவர்கள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்து நிற்பார்கள்.

நேற்று ஒருவரும் இல்லை. தூறல் வேறு. நான் மட்டும் கூரைக்கு அடியில் நின்றேன். ஏழு பத்தானது. இருபதானது. பஸ் வரவில்லை. வராது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த வழியில் யாரும் கிடையாது. இருந்தும் கை தானாகப் போனை எடுத்தது. 'ஏழு பத்து இன்று வரவில்லை' என்று அடித்து முடித்தேன். வலைப்பூவில் பூட்டு, குழுவில் ரோஜாப்பூ, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன்.